ஊசிக்குக் காசில்லை, ஒயருக்கு மட்டும் காசிருக்கா?

தாத்தா காலத்து கிராமபோன் வீடுகளில் ஒரு சின்னத் தகர டப்பா இருக்கும். மூடியில் குழாய் முன்னால் உட்கார்ந்த நாய் படம். உள்ளே நிறைய எஃகு ஊசிகள். பிளேட்டில் ஒரு பக்கம் பாடி முடிந்ததும் பழைய ஊசியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினால்தான் அடுத்த பக்கம். மூணு நிமிஷப் பாட்டு, அதுக்கு ஒரு ஊசி. யாரும் இதை "அப்கிரேடு"ன்னு சொல்லவில்லை. அடுப்புக்கு விறகு போடுகிற மாதிரி அது ஒரு வேலை, அவ்வளவுதான்.

அதுக்குக் காரணமும் இருந்தது. அந்தக் கால 78 பிளேட் அரக்கில் செய்தது. அதில் கல்லுப்பொடி கலந்திருப்பார்கள். ஊசி பள்ளத்தில் ஓடும்போது அந்தப் பொடி ஊசியைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவரும். ஒரு பக்கம் ஓடினதும் ஊசி மொட்டையாகிவிடும். அதே ஊசியை அடுத்த பிளேட்டில் வைத்தால் தேய்வது ஊசி இல்லை, பிளேட். எட்டாங்கிளாஸ் தாண்டாத தாத்தாவுக்கும் இது தெரிந்திருந்தது.

இப்போ பேரனுக்கு வருவோம். பேரன் ஆன்லைனில் டர்ன்டேபிள் வாங்குகிறார். அதோடு வந்த கார்ட்ரிட்ஜில் ஒரு ஊசி இருக்கிறது. ரெண்டு வருஷம் கழித்து சத்தம் ஒரு மாதிரி கரகரன்னு இருக்கே என்று தோன்றுகிறது. என்ன செய்கிறார்? வெள்ளி முலாம் பூசின ஒயர் வாங்குகிறார். அப்புறம் தட்டுக்கு அடியில் போட கார்க் மேட். அப்புறம் ரெக்கார்டு மேலே வைக்க ஒரு எடைக்கட்டி. அப்புறம் ப்ரீஆம்ப். எல்லாம் வாங்கியாச்சு, இன்னும் கரகர. கடைசியில் "வைனல்னா அப்படித்தான் பாஸ், அதுதான் அதோட அழகு"ன்னு தத்துவம் பேச ஆரம்பித்துவிடுகிறார்.

ஊசியை மாற்றினாரா? இல்லை. அது மாற்ற வேண்டிய பொருள் என்றே அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் யாருக்கு லாபம்?

கொஞ்சம் மெக்கானிசம்

ரொம்பப் பயப்பட வேண்டாம், சுருக்கமாத்தான் :-)

சாதாரண மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜில் ரெண்டு பாகம். ஒன்று பாடி. அதுக்குள்ளே செப்புக் கம்பிச் சுருள்கள் இருக்கு. அது அசையாது, தேயாது, பல வருஷம் அப்படியே இருக்கும். இன்னொன்று முன்னாடி சொருகுகிற பிளாஸ்டிக் துண்டு. இதில்தான் எல்லாமே இருக்கு: பள்ளத்தைத் தொடுகிற வைர முனை, அதைத் தாங்குகிற மெல்லிய குச்சி, குச்சியின் மறுமுனையில் குட்டிக் காந்தம், ஆட்டத்தை அடக்குகிற ரப்பர். முனை ஆடினால் காந்தம் ஆடும், காந்தம் ஆடினால் சுருளில் மின்சாரம் வரும். அதுதான் பாட்டு.

அதாவது, ரெக்கார்டைத் தொடுகிற ஒரே பொருள், தேய்கிற ஒரே பொருள், விரலால் இழுத்து ஒரு நிமிஷத்தில் மாற்றக்கூடிய பொருள் எல்லாம் ஒரே துண்டு. இதை விட்டுட்டு மத்ததை எல்லாம் மாற்றுவது, செருப்பு பிய்ந்து போனதுக்கு ரோட்டை மாற்றுகிற கதை.

வைரம் தேயுமா என்று கேட்பார்கள். தேயும். 33⅓ எல்.பி.யின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசிக்கு அடியில் வினாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. லேபிள் பக்கம் வரும்போது 21 சென்டிமீட்டர்தான். சராசரியாகப் பார்த்தால் இருபது நிமிஷப் பக்கம் ஒன்றில் ஊசி நானூறு மீட்டருக்கு மேல் நடக்கிறது. 300 மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட 390 கிலோமீட்டர். சென்னையில் கிளம்பித் திருச்சியைத் தாண்டின தூரம், நின்றபடியே உரசிக்கொண்டு! மேலே வைத்திருக்கிற பாரம் ரெண்டு கிராம்தானே என்பார்கள். தொடுகிற இடம் மைக்ரான் கணக்கில் இருப்பதால், அந்த ரெண்டு கிராமே சதுர சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் அழுத்தமாகிவிடுகிறது.

"வடிவம் எல்லாம் சும்மா மார்க்கெட்டிங்" என்கிறவர்களுக்கு

இன்னொரு கோஷ்டி இருக்கு. "ஊசின்னா ஊசிதான், கோனிகல், எலிப்டிகல்னு பேர் வெச்சு ஏமாத்துறான்"ன்னு சொல்கிற கோஷ்டி. ஒயர் விஷயத்தில் இவர்கள் சொல்வது சரி. ஊசி விஷயத்தில் தப்பு. அதுவும் கணக்குப் போட்டுக் காட்டக்கூடிய தப்பு.

லேபிள் பக்கத்துப் பள்ளத்தில் வேகம் வினாடிக்கு 21 சென்டிமீட்டர். அங்கே 10,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று பதிவாகியிருந்தால் ஒரு அலையின் நீளம் 21 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. இப்போ ஆடியோ டெக்னிக்காவின் விஎம்95 வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கோனிகல் ஊசி 0.6 மில், அதாவது 15 மைக்ரான் ஆரமுள்ள உருண்டை முனை. அந்தக் குட்டி வளைவுக்குள் இந்த உருண்டை எப்படி இறங்கும்? இறங்காது. மேலே மேலே வழுக்கிக்கொண்டு போகும். எலிப்டிகல் ஊசியின் பக்கவாட்டு ஆரம் 0.3 மில், சுமார் 8 மைக்ரான். கொஞ்சம் இறங்கும். மைக்ரோலைன் 0.12 மில், சுமார் 3 மைக்ரான். நன்றாகவே இறங்கும்.

நம்ம ஊர் ரோடு தெரிந்தவர்களுக்கு இதைப் புரிய வைக்கக் கஷ்டமே இல்லை. சின்னப் பள்ளத்தில் லாரி டயர் இறங்காது, சைக்கிள் சக்கரம் இறங்கும். லாரிக்காரர் "ரோடு நல்லாத்தானே இருக்கு" என்பார்.

எல்.பி.யில் ஒரு பக்கத்தின் முதல் பாட்டு பளிச்சென்று இருந்து, கடைசிப் பாட்டில் மட்டும் "ச", "ஷ" எல்லாம் சீறுவதை வைத்திருப்பவர்கள் எல்லாருமே கேட்டிருப்பார்கள். முக்கியக் காரணம் இதுதான். பாடகி மேலே தப்பில்லை, ஒலிப்பதிவு இன்ஜினியர் மேலேயும் தப்பில்லை. உள்பக்கம் போகப் போக அலைகள் நெருங்குகின்றன, முனை மட்டும் அதே பருமனில் நிற்கிறது.

இந்தக் கூர்மையான வடிவங்கள் யாரோ விளம்பரக்காரர் கண்டுபிடித்ததும் இல்லை. 1970களில் ஜப்பானின் ஜேவிசி நாலு சேனல் ரெக்கார்டுகளைக் கொண்டுவந்தது. அதில் 30,000 ஹெர்ட்ஸில் ஒரு கேரியர் அலையைப் பள்ளத்திலேயே வெட்டினார்கள். சாதாரண ஊசியால் அதைப் படிக்க முடியவில்லை. அதைப் படிக்கத்தான் ஷிபாட்டா முனை வந்தது. நாலு சேனல் ரெக்கார்டு போண்டியாகிவிட்டது, ஊசி மட்டும் பிழைத்துக்கொண்டது. வேலை செய்ததால் பிழைத்தது.

காமர்ஸ் மக்களுக்கு ஒரு கணக்கு

பி.காம். முதல் வருஷத்திலேயே வருகிற பாடம் இது. முதலினச் செலவு வேறு, வருவாயினச் செலவு வேறு. டர்ன்டேபிள் முதலினம். ஊசி? அது வண்டிக்கு டயர், பிரின்டருக்கு இங்க். ஓடுகிற மணிக்கணக்கில் தேய்மானம் போட வேண்டிய சமாச்சாரம். ஊசியை "அப்கிரேடு" என்று கூப்பிட ஆரம்பித்ததுதான் முதல் கோளாறு. அப்கிரேடு என்றால் ஆசை, தள்ளிப்போடலாம். தேய்மானம் என்றால் கடமை, தள்ளிப்போட முடியாது.

ஆடியோ டெக்னிக்கா தன் ஊசிகளுக்குச் சொல்கிற ஆயுசு: எலிப்டிகல் 300 மணி, கோனிகல் 500 மணி, ஷிபாட்டா 800 மணி, மைக்ரோலைன் 1000 மணி. வேறு கம்பெனிகள் வேறு கணக்குச் சொல்லும். ஒரு பேச்சுக்கு இதையே வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு மணி நேரம் கேட்டால் எலிப்டிகல் பத்து மாசத்தில் காலி. மைக்ரோலைன் ரெண்டே முக்கால் வருஷம் ஓடும்.

விலை இடத்துக்கு இடம் மாறும். கணக்குக்காக எலிப்டிகல் ஊசி 3,000 ரூபாய், மைக்ரோலைன் 9,000 ரூபாய் என்று வையுங்கள். முதல் பார்வைக்கு மூணு மடங்கு. "அடப்பாவி, ஊசிக்கு ஒன்பதாயிரமா!" இப்போ மணிக்கணக்கில் வகுத்துப் பாருங்கள். எலிப்டிகல் மணிக்கு 10 ரூபாய். மைக்ரோலைன் மணிக்கு 9 ரூபாய். விலை உசந்த ஊசிதான் மலிவு! 300-க்கும் 1000-க்கும் உள்ள விகிதம் 3.33. விலை வித்தியாசம் அந்த மடங்குக்குள் இருக்கிற வரைக்கும் நல்ல ஊசி வாங்குகிறவர் நஷ்டப்படுவதே இல்லை.

கோனிகல்? 2,000 ரூபாய் என்று வைத்தால் மணிக்கு 4 ரூபாய். ஆமாம், அதுதான் இருப்பதிலேயே மலிவு, மறைக்க ஒன்றுமில்லை. பட்ஜெட்டே இல்லாதவர் தேய்ந்த ஊசியை ஓட்டுவதை விடப் புதுக் கோனிகல் மாட்டுவது ஆயிரம் மடங்கு மேல். கடைசிப் பாட்டில் கொஞ்சம் சீறும், அவ்வளவுதான். மணிக்கு நாலு ரூபாயாக இருந்தாலும் ஒன்பது ரூபாயாக இருந்தாலும் ஒரு டீக் காசுதான். அந்த டீக் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆயிரக்கணக்கில் ஒயர் வாங்குகிறார்களே, இதை எந்த லெட்ஜரில் எழுதுவது?

ஒயரைப் பற்றியும் நியாயமாகப் பேசிவிடலாம். மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜுக்கு ஒயரில் கவனிக்க வேண்டிய விஷயம் உண்மையிலேயே ஒன்று உண்டு. அது கெபாசிட்டன்ஸ். விஎம்95-க்கு ஒயரும் ப்ரீஆம்பும் சேர்ந்து 100 முதல் 200 பிக்கோஃபாரட் இருக்கச் சொல்கிறார்கள். அதைத் தாண்டிப் போனால் மேல்ஸ்தாயி மாறும். ஆனால் குறைந்த கெபாசிட்டன்ஸ் என்பது ஒயரின் நீளத்திலும் அமைப்பிலும் இருக்கிறது, தங்க முலாமில் இல்லை. நீளம் குறைவான சாதாரண ஒயரே போதும். அட்டைப்பெட்டியில் "இசையின் ஆன்மா"ன்னு எழுதியிருப்பவர் பிக்கோஃபாரட் எவ்வளவு என்று எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

கம்பெனிக்காரர்கள் மட்டும் யோக்கியமா?

இல்லவே இல்லை. ரேசரைச் சல்லிசாகக் கொடுத்து பிளேடில் சம்பாதிக்கிற வியாபாரம்தான் இதுவும். இருந்தாலும் இதில் நல்லதும் கெட்டதும் உண்டு.

நல்லது: விஎம்95 வரிசையில் எல்லா ஊசியும் ஒரே பாடியில் ஏறும். கோனிகலில் ஆரம்பித்தவர் பாடியைத் தொடாமலே மைக்ரோலைன் வரைக்கும் போகலாம். ஆர்டஃபோன் 2007-ல் கொண்டுவந்த 2எம் வரிசையிலும் ரெட் பாடியில் புளூ ஊசியைச் சொருகலாம். ஸ்க்ரூ கழற்ற வேண்டாம், அலைன்மென்ட் மறுபடி போட வேண்டாம்.

கெட்டது: இந்த வசதியைக் கடைக்காரர் சொல்வதில்லை. "சார், முழு கார்ட்ரிட்ஜே மாத்திடுங்க" என்பார். இன்னும் கொஞ்சம் தைரியமானவர் "டெக்கையே மாத்திடுங்க" என்பார். இன்னொரு ஆபத்தும் இருக்கு. கம்பெனி ஊசி செய்வதையே நிறுத்திவிட்டால்? பல பத்தாண்டுகளாக உலகம் பூராவும் விற்ற ஷூர் கம்பெனி 2018-ல் கார்ட்ரிட்ஜ் வியாபாரத்தை மூடிவிட்டது. நல்ல நிலையில் இருந்த பாடிகள் எல்லாம் ஒரே நாளில் அநாதை. நல்லவேளையாக ஜப்பானில் ஜிகோ மாதிரி மாற்று ஊசி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 1873-ல் தையல் ஊசி செய்ய ஆரம்பித்த கம்பெனி அது. அவர்கள் ஷூர் பாடிக்குச் செய்கிற சில ஊசிகளில் பழைய ஷூரை விடக் கூர்மையான முனையே உண்டு. ஆனால் அதே பெயரைப் போட்டுப் பெட்டியில் வருகிற பேரில்லாத மலிவு ஊசிகளும் சந்தையில் ஏராளம். பாடியோடு பொருந்துவதால் மட்டும் அது அதே ஊசி ஆகிவிடாது.

அதனால் கார்ட்ரிட்ஜ் வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி "சத்தம் எப்படி?" இல்லை. "இதுக்கு ஊசி தனியா கிடைக்குமா? மேல்படி ஊசி இதிலேயே ஏறுமா?" என்பதுதான். மூவிங் காயில் வகையில் சுருளே குச்சியோடு ஒட்டியிருக்கும், வீட்டில் ஊசி மாற்ற முடியாது. டெனானின் டிஎல்-103 1960களிலிருந்து பேர் வாங்கின கார்ட்ரிட்ஜ்தான். ஆனால் ஊசி தேய்ந்தால் மொத்தத்தையும் கொடுத்து மாற்ற வேண்டும், இல்லை முனை கட்டித் தருகிறவரிடம் அனுப்ப வேண்டும். முதல் டர்ன்டேபிள் வாங்குகிறவருக்கு அது வேண்டாத தலைவலி.

"சி.டி. கேட்டுட்டுப் போறதுதானே?"

இதைக் கேட்பவர் பாதி சரி. அளந்து பார்த்தால் 16 பிட் சி.டி. 96 டெசிபல் கொடுக்கும், எல்.பி. அதைத் தொடாது. "வைனல்தான் சுத்தமான ஒலி" என்று ஜல்லியடிப்பவர்களுக்கு இது கசக்கும், ஆனாலும் உண்மை. போன வருஷம் வந்த ஆல்பத்தை ரெக்கார்டில் வாங்கி, அதே பாட்டு போனிலும் இருக்கிறவர், ஊசியைத் தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும் உலகம் அழியப்போவதில்லை. இன்னொரு காப்பி அச்சாகும்.

விஷயம் அங்கே இல்லை. வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கிற பெட்டியில் இருக்கிறது. எக்கோ லேபிளில் வந்த இளையராஜா எல்.பி.க்கள், நாய் படம் போட்ட பழைய கச்சேரி ரெக்கார்டுகள், பாகவதர், கே.பி. சுந்தராம்பாள் காலத்து 78-கள். இவற்றில் எத்தனையோ மறுபடி அச்சாகப் போவதில்லை. டேப் வருவதற்கு முன்னால் பதிவான 78-களுக்கு மூல டேப் என்ற ஒன்றே கிடையாது. மெழுகில் வெட்டி, உலோக அச்சு எடுத்து, தட்டு அடித்தார்கள். அச்சும் போய்விட்டால் வீடுகளில் மிஞ்சிய தட்டுதான் மூலம்.

தேய்ந்த ஊசியின் முனை உருண்டையாக இருக்காது. ரெண்டு பக்கமும் தட்டையாகி, ஓரம் உளி மாதிரி ஆகியிருக்கும். அந்த உளி ஒவ்வொரு தடவையும் பள்ளத்தின் சுவரைச் செதுக்குகிறது. செதுக்கினது திரும்பி வராது. அப்புறம் லட்ச ரூபாய் ஊசி போட்டாலும் செதுக்கின சத்தம்தான் வரும். ஒயர் மோசமாக இருந்தால் பாட்டு மோசமாகக் கேட்கும், ஒயரை மாற்றினால் சரியாகிவிடும். ஊசி மோசமாக இருந்தால் பாட்டே மோசமாகிவிடும். இந்த ஒரு வித்தியாசம் போதும்.

சூட்கேஸ் மாதிரி அழகாக வருகிற மலிவுப் பிளேயர்களையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பலதில் செராமிக் கார்ட்ரிட்ஜ், ஐந்து கிராம் அளவுக்குப் பாரம், ஆயுசு குறைந்த சஃபையர் ஊசி. ஷோகேஸுக்கு நல்லா இருக்கும். தாத்தா ரெக்கார்டை அதில் வைக்க வேண்டாம். 78-ஐ எல்.பி. ஊசியில் வைக்கவும் வேண்டாம். 78-இன் பள்ளம் அகலம், அதுக்கு 3 மில் முனை வேண்டும். எல்.பி. ஊசி அதன் அடியில் போய் உட்கார்ந்து மண்ணைத்தான் வாரும். விஎம்95 பாடி வைத்திருப்பவருக்கு 78-க்கென்றே தனி ஊசி வருகிறது. டர்ன்டேபிளில் 78 வேகமும் இருந்தால், ஊசியை மட்டும் மாற்றிச் சொருகினால் பாகவதர் பாடுவார். எஃகு ஊசி போட்ட பழைய கிராமபோனில் எல்.பி.யை வைக்கிற எண்ணம் யாருக்காவது இருந்தால், அந்த எண்ணத்தைப் பரணிலேயே வைத்துவிடவும்.

அப்போ என்னதான் செய்வது?

பழைய டெக் வாங்கினால், விற்றவர் "ஊசி புதுசு சார்" என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும், முதல் வேலையாக ஊசியை மாற்றுங்கள். மாற்றும் வரைக்கும் நல்ல ரெக்கார்டைத் தொடாதீர்கள். ஒரு நோட்டில் ஓடின பக்கங்களைக் கோடு போட்டு வையுங்கள். மூணு பக்கம் ஒரு மணி நேரம். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதுகூட முடியாதா? சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிப் பாரத்தைக் கம்பெனி சொன்ன அளவில் வையுங்கள். விஎம்95 எலிப்டிகலுக்கு அது ரெண்டு கிராம். "குறைத்து வைத்தால் ரெக்கார்டுக்கு நல்லது" என்பது மூடநம்பிக்கை. பாரம் குறைந்தால் ஊசி பள்ளத்தில் துள்ளும், துள்ளி விழுவது உரசுவதை விட மோசம். ரெக்கார்டைத் துடைத்துப் போடுங்கள், தூசிதான் வைரத்துக்கு உப்புத்தாள்.

ஊசி கூர்மையாக ஆக, கோணமும் சரியாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. கோனிகல் எதையும் மன்னிக்கும், மைக்ரோலைன் மன்னிக்காது. ஆட்டம் காணும் கையில் மைக்ரோலைன் மாட்டுவது மாட்டுவண்டிக்கு ரேஸ் டயர் போடுகிற வேலை. அப்படிப்பட்ட பிளேயருக்கு நல்ல எலிப்டிகலோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இவ்வளவும் செய்த பிறகு கையில் பணம் மிஞ்சினால் தாராளமாக ஒயர் வாங்குங்கள், கார்க் மேட் வாங்குங்கள், யார் வேண்டாம் என்றது? முதல் ரூபாய் மட்டும் ஊசிக்குப் போகட்டும். அந்தத் தகர டப்பாவைத் திறந்து பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்றின தாத்தாவுக்கு பிக்கோஃபாரட்டும் தெரியாது, மைக்ரோலைனும் தெரியாது. ஆனால் தேய்ந்ததைத் தட்டில் வைக்கக்கூடாது என்று தெரிந்திருந்தது. பேரன் கேட்கிற பாட்டு இன்னும் அந்தத் தட்டில் இருப்பதே அதனால்தான்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு உடனே பரணில் ஏறுகிறவர்கள், ரெக்கார்டை இறக்குங்கள், பிளேயரை இன்னும் ஆன் பண்ணாதீர்கள். முதலில் ஊசி :-)